சீருடையில் சம்பளம் கேட்கப் போனவன்

அந்த பெஞ்சை தசரதனுக்கு நன்றாகத் தெரியும், அதில் உட்கார்ந்துதான் பழக்கமில்லை. மனுவோடு வருகிறவர்கள் உட்காருகிற பெஞ்சு அது. ஆபீசர் அறைக்கு வெளியே சுவரோரமாக, தண்ணீர் கேனுக்கும் நோட்டீஸ் போர்டுக்கும் நடுவில் கிடக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைத் தாண்டித்தான் தன் மேஜைக்குப் போய்வந்தான். தாண்டும்போது அங்கே இருப்பவர்கள் முகத்தைப் பார்க்காமலிருக்க எல்லா அரசு ஊழியர்களையும்போல அவனும் ஒரு வழி வைத்திருந்தான், கையிலிருக்கும் ஃபைலைத் திறந்து படித்துக்கொண்டே நடந்துவிடுவது. ஃபைல் தலைகீழாக இருந்தாலும் பரவாயில்லை, யார் பார்க்கப் போகிறார்கள். இன்று காலை அவன் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் சீட்டைவிட்டு எழுந்து வந்தார்கள், ஜெய்ஹிந்த் என்றார்கள், வெறும் தலையில் கையை வைத்து சல்யூட் அடித்தார்கள். தொப்பி போடாதவன் சல்யூட் அடிக்கக் கூடாது, பயிற்சியின் முதல் வாரத்திலேயே திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், அதை இவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா, சிரித்துவைத்தான். அது முதல் சுற்று. இப்போது இரண்டாவது சுற்றில் அதே ஆட்கள் ஃபைலைத் திறந்து படித்துக்கொண்டே அவனைத் தாண்டிப் போகிறார்கள். எதற்கு வந்திருக்கிறான் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும், லீவில் வந்த பட்டாளத்துக்காரன் பங்குனி வெயிலில் சீருடை மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் சுண்டல் வாங்கவா வந்திருப்பான். சம்பளப் பிரிவு ரெஜினா மேடம் மட்டும் வந்து, "சார் கலெக்டர் மீட்டிங்ல இருக்காரு தசரதன், வந்துடுவாரு, உங்க சீட்லயே உட்காருங்களேன்" என்றார். அவனுடைய சீட்டில் கணுக்கால் தெரியப் பேன்ட் போட்ட புதுப் பையன் ஒருவன் இருந்தான். இங்கேயே இருக்கிறேன் மேடம் என்று சொல்லிவிட்டான். பெஞ்சில் ஏற்கனவே ஒரு பெரியவர் பட்டாக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீருடையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. இப்போது முழு பெஞ்சும் தசரதனுக்கு, அவர் தூணோரம் நின்றுகொண்டிருக்கிறார்.

காலர் அறுத்தது. ராணுவத் துணிக்குக் கஞ்சி போடக் கூடாது என்பது மனைவி ஹேமாவதிக்குத் தெரியாது. அவள் அண்ணன் ரெகுலர் ஆர்மியில் இருந்தவர், அந்தக் காலத்துப் பச்சைச் சீருடைக்கு அவள் அம்மா சோறு வடித்த கஞ்சியை விட்டு முறமாட்டம் விறைக்க வைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள், அதே மாதிரி நேற்று இந்த இலைப்புள்ளித் துணியைக் கஞ்சியில் முக்கிக் காயப்போட்டுவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவன் வாயெடுப்பதற்குள் அது கொடியில் இருந்தது. கஞ்சி மட்டுமா, இந்த யோசனையே அவளுடையதுதான். "சாதா சட்டையில போனீங்கன்னா நாளிக்கி வாம்பாங்க. யூனிபார்ம் போட்டுக்கினு போங்க. எவனுக்கும் இல்லன்னு சொல்ல வாய் வராது." அவள் சொன்னபோது அவன் கோபப்பட்டான், இது என்ன வேஷமா என்றான், பிறகு இன்று காலை எழுந்து குளித்துவிட்டு அவனாகவேதான் அதை எடுத்து மாட்டினான். இதுதான் இப்போது முள்ளாகக் குத்துகிறது. அவள் சொன்னதால் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மை அதுவல்ல. பூட்ஸின் கயிற்றை இழுத்துக் கட்டும்போது அவனுக்கே ஒரு தெம்பு வந்தது, இதைப் பார்த்தால் ஆபீசர் துரைப்பாண்டியன் சார் கொடுத்துவிடுவார் என்று மனசு கணக்குப் போட்டது. லீவில் சொந்த வேலைக்குச் சீருடை போடாதே என்று பட்டாளத்தில் சுபேதார் நூறு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். குடியாத்தம் பஸ்ஸில் கண்டக்டர் அவன் நீட்டிய பணத்தை மடக்கி அவன் கையிலேயே வைத்து, "இருக்கட்டும் சார், நீங்க எங்களுக்காக அங்க நிக்கிறீங்க" என்றார். அவன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். வேண்டாம் என்று இன்னொரு முறை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. அந்தக் காசு இப்போது பையில் இருக்கிறது, கஞ்சி போட்ட துணிக்குள் அதன் மடிப்பு தொடையில் உறுத்துகிறது, அல்லது உறுத்துவதாக அவன் நினைத்துக்கொள்கிறான்.

எங்களுக்காக அங்க நிக்கிறீங்க. எங்கே நின்றான்? மலையடிவாரத்தில் ஒரு ரேஷன் கிடங்கின் வாசலில் நின்றான். மாவு மூட்டை வரும், எண்ணெய் டின் வரும், லாரி நம்பரைப் பார்த்துக் கதவைத் திறந்துவிடுவான். முறை வந்தால் சமையல் கூடத்தில் பூண்டு உரிப்பான், பூண்டு உரித்து உரித்து நகக்கண் எரிச்சலோடு தூங்கிய நாட்கள்தான் அதிகம். ஒரே ஒரு தடவை மேலே இருந்த முகாமுக்குச் சாமான் ஏற்றிப் போனபோது அங்கே பனி கொட்டியிருந்தது. கூட வந்த சிப்பாய் கரீம்தான் அவன் போனை வாங்கிப் படம் எடுத்தான். படத்தில் இருக்கும் துப்பாக்கி கூட தசரதனுடையது இல்லை, அந்த முகாம் ஆளுடையது, ஒரு நிமிஷம் கொடுங்க என்று வாங்கிப் பிடித்துக்கொண்டது. அந்தப் படத்தை ஆபீஸ் குரூப்பில் போட்டான். எல்லையில் நம் தசரதன் என்று யாரோ கீழே எழுதினார்கள், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், கொடியும் கும்பிடுமாக வந்து கொட்டின. எல்லை இல்லை, கிடங்கு என்று அவன் எழுதவில்லை. கிடங்கு வாசலில் நிற்பவனும் சிப்பாய்தான், அவன் நிற்காவிட்டால் மேலே இருப்பவன் வயிறு காயும், இது அவனுக்குத் தெரியாதா, நன்றாகத் தெரியும். ஆனாலும் மச்சான், ஹேமாவதியின் அண்ணன், ஆர்மியில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், "இன்னாபா, அரைப் பட்டாளம், எப்படிக்கீது?" என்று கேட்டுச் சிரிக்கும்போது அந்த அரை என்பது எலும்பு வரைக்கும் போய்விடும். அவன் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் முழுப் பட்டாளம். ஆள் எடுப்பு மைதானத்தில் ஓட்டத்தில் எல்லாம் முன்னால் வந்துவிட்டு, மூச்சை இழுத்து விரித்த மார்பு டேப்பில் ஒரு விரல் குறைந்து வெளியே வந்தவன் அவன். பிறகு பரீட்சை எழுதி இந்த அரசு வேலை வந்தது, கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, அப்புறமும் அந்த ஒரு விரல் குறை மனசை விட்டுப் போகவில்லை. வேலையில் இருந்துகொண்டே சேரலாம், வருஷத்துக்கு ஒரு முறை பயிற்சி, கூப்பிட்டால் போக வேண்டும், பிராந்திய ராணுவம் என்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தான். கூப்பிட்டார்கள். போனான்.

போகும்போது இதே ஹாலில்தான் வழியனுப்பு விழா வைத்தார்கள். துரைப்பாண்டியன் சார் பொன்னாடை போர்த்தினார். அந்தப் பொன்னாடை அவருடைய பீரோவில் இருந்து வந்தது, யாரோ அவருக்குப் போர்த்தியதை அவர் எடுத்துவைத்து அடுத்தவருக்குப் போர்த்துவார், இந்த ஆபீசில் பொன்னாடைகள் இப்படித்தான் ஆள் மாறிக்கொண்டிருக்கும். "குடும்பத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க தசரதன், அதை நாங்க பாத்துக்கிடுதோம்" என்று மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிறவர் மாதிரி பேசினார். ஸ்டேஷனுக்கு ஆபீஸ் ஜீப்பில் கொண்டுபோய் விட்டது டிரைவர் சம்பந்தம். சொந்த விஷயத்துக்கு ஜீப்பை எடுத்தால் லாக் புக்கில் எழுத முடியாது, பெட்ரோலைச் சம்பந்தமே தன் கைக்காசில் ஊற்றினார் என்பது தசரதனுக்கு அப்போதே தெரியும், தெரிந்தும் தெரியாத மாதிரி ஏறி உட்கார்ந்தான். கடைசி வரைக்கும் பிளாட்பாரத்தில் நின்றவர் அவர் ஒருவர்தான். ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் வேர்க்கடலையைத் திணித்துவிட்டு, "போய்ட்டு வாடா. இங்க நான்கீறன்" என்றார். சம்பந்தத்தைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். சம்பந்தம் இன்று ஆபீசரைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறார், அதனால் இன்னும் எதிரில் வரவில்லை, ஆபீசர் வந்தால் அவரும் வருவார். ஆபீசர் சீக்கிரம் வர வேண்டும் என்றும் வரவே கூடாது என்றும் ஒரே மூச்சில் தோன்றுவது இதனால்தான்.

விஷயம் சின்ன விஷயம்தான். யாரிடம் சொன்னாலும் இவ்வளவுதானா என்பார்கள். அரசு ஊழியனை ராணுவம் கூப்பிட்டால் அங்கே உள்ள சம்பளத்தை ராணுவம் தரும், அது இங்கே வாங்கியதைவிடக் குறைச்சலாக இருந்தால் மிச்சத்தை இங்கே தர வேண்டும், வேலையில் இருக்கிற ஆள் நாட்டுக்காகப் போனதால் நஷ்டப்படக் கூடாது என்பதுதான் விதியின் உள்ளர்த்தம். விதி புத்தகத்தில் இருக்கிறது. சம்பளம் போடுகிற கம்ப்யூட்டரில் இல்லை. ரெஜினா மேடம் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: ஆள் வரவில்லை என்றால் அது காரணம் கேட்கிறது தசரதன், அதில் இருக்கிற காரணங்களில் ஒன்றைத்தான் தொட முடியும், மருத்துவ விடுப்பு என்று போட்டால் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்கும், மகப்பேறு விடுப்பு உங்களுக்குப் போட முடியாது, அதனால் சம்பளமில்லா விடுப்பு என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், மேலே கேட்டு எழுதி மாற்றிக்கொள்ளலாம். மகப்பேறு என்றபோது இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் விஷயம் முடிந்துபோனது. மேலே கேட்டு எழுத அந்த அம்மாள் ஃபைல் வைத்தார், துரைப்பாண்டியன் சார் 'பேசுக' என்று ஓரத்தில் எழுதித் திருப்பினார், பேசப் போனால் ஆடிட் பார்ட்டி வந்திருந்தது, அப்புறம் வைத்தார், மறுபடி பேசுக, அப்புறம் தேர்தல் வேலை. ஒரு கெட்டவரும் இல்லை இதில். ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் தசரதன் இந்த பெஞ்சில் உட்கார்ந்து கோபமாவது பட்டுக்கொண்டிருப்பான். கோபம் எவ்வளவு நல்ல விஷயம், ஆளை நிமிர்த்தி உட்கார வைக்கும். அது வர மாட்டேன் என்கிறது. எதிரில் நிற்கிற அந்தப் பெரியவரின் பட்டாக் காகிதம் எத்தனை பேசுகவைப் பார்த்திருக்கும், அதில் ஒன்றிரண்டை இவனே அல்லவா கொண்டுபோய் வைத்திருப்பான்.

முகாமில் ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டே இந்த வித்தியாசப் பணத்தைப் பற்றி வாயை விட்டான். மொத்தமாக வரும்போது ஒரு வண்டி வாங்கலாம் என்றிருக்கிறேன் என்றான். கரீம் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவன், அவனுக்கு இந்த விதியெல்லாம் கிடையாது, போய்விட்டு வா, இடம் இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் உரித்த பூண்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். அப்புறம், "உனக்காச்சும் கெடைக்குதேண்ணா, கெடைக்கட்டும்" என்றான். மனசாரத்தான் சொன்னான். அதற்குப் பிறகு அந்த முகாமில் தசரதன் சம்பளப் பேச்சை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போன் பண்ணும்போதும் கேட்கவில்லை. ஹேமாவதி எல்லாம் நல்லாக்கீது என்பாள், அவனும் சரி என்பான். நல்லாக்கீது என்பது எப்படி நன்றாக இருக்க முடியும் என்று யோசிக்க அவனுக்குச் சௌகரியப்படவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் கிடங்கு வாசலில் விடிகாலைக் குளிரில் நிற்கும்போது அவனுக்குச் சுகமாக இருந்தது, வீட்டைப் பற்றி யாரோ பார்த்துக்கொள்கிறார்கள், நாம் வாசலைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று. யாரோ பார்த்துக்கொண்டார்கள்தான். யார் என்பது நேற்று மதியம்தான் தெரிந்தது.

களியும் கருவாட்டுக் குழம்பும். அவனுக்கு என்று கேட்டு வாங்கிச் செய்திருந்தாள். இரண்டாவது உருண்டையைக் குழம்பில் தோய்த்து, உங்கம்மா கூட இப்படி வைத்ததில்லை என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்த பிறகு, அவள் குழம்புச் சட்டியை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னாள். சங்கக் கடன் தவணை ஒரு மாதம் கூட நிற்கவில்லையாம். வீட்டுக்குத் தளம் போட ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன், மாதாமாதம் அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள். ராணுவம் தருவது வீட்டுச் செலவோடு சரி, இங்கே சம்பளமே இல்லாதபோது எதில் பிடிப்பார்கள்? ஜாமீன் போட்டவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஜாமீன் போட்டவர் சம்பந்தம். அந்தக் கையெழுத்து எப்படி நடந்தது என்பது கூட தசரதனுக்கு ஞாபகம் இருக்கிறது, கேன்டீனில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார், எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "எங்கடா போடணும்?" என்றார், போட்டார், மறுபடி பஜ்ஜியை எடுத்தார். அவ்வளவுதான். அந்தப் பஜ்ஜிக்குத்தான் அவர் இத்தனை மாதமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். "அவுரு சம்சாரம் ஒரு நாள் வந்துச்சு" என்றாள் ஹேமாவதி. "உள்ள வந்து உக்காந்துச்சு. தண்ணி குடிச்சிச்சு. தளத்த அண்ணாந்து பாத்துச்சு. நல்லா போட்டுக்கீறீங்கன்னுச்சு. எழுந்து போயிடுச்சு. நான் இன்னான்னு சொல்றது." ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அவன் கத்தினான், களிக் கையோடு. அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "அவருதான் சொல்ல வேணாம்னாரு. அவன் அங்க துப்பாக்கிய புடிச்சிக்கினு நிக்கிறான், இத போயி சொல்லிக்கினு இருப்பியான்னாரு." பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொல்ல வாய் வந்தது, விழுங்கிவிட்டான். களியை விழுங்க முடியவில்லை.

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. இந்தச் சத்தம் அவனுக்கு உறக்கத்திலும் தெரியும், சைலன்சர் ஓட்டை, மாற்ற எழுதிப்போட்டு அதுவும் பேசுக ஆகியிருக்கும். தசரதன் எழுந்து பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். என்ன சொல்வது என்று காலையிலிருந்து கோத்துவைத்திருந்த வார்த்தைகள் இருந்தன, சார் ஒரு சின்ன விஷயம், இல்லை, சின்ன விஷயம் என்று தொடங்கினால் சின்னதாகவே வைத்துவிடுவார், சார் என் விஷயமா மேடம் ஃபைல் வெச்சிருக்காங்க, இது நன்றாக இருக்கிறது, கேட்பது போலவும் இல்லை கேட்காதது போலவும் இல்லை. இந்த மாதத்தோடு சம்பந்தத்தின் பிடித்தம் நின்றால் போதும். வண்டி வேண்டாம், பழைய பாக்கி மெதுவாக வரட்டும், பிடித்தம் நிற்க வேண்டும். துரைப்பாண்டியன் சார் போனில் பேசிக்கொண்டே படியேறி, அவனைப் பார்த்துக் கண்ணை அகலமாக்கி, கையால் இரு இரு என்று காட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டார். பின்னால் சம்பந்தம் வந்தார். இளைத்திருந்தார். காக்கிப் பேன்ட்டின் வலதுகால் மடிப்பில் கறுப்பாக மசி. சைக்கிள் செயின் மசி. ஜீப் ஓட்டுகிறவன் காலில் அந்த மசி படாது. தசரதனின் பார்வை அங்கே போனதைப் பார்த்துவிட்டுக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னாடா, ஜோராக்கீற" என்று தோளில் அடித்தார். கஞ்சித் துணி பட்டென்று சத்தம் போட்டது. "யாரு, ஹேமா கஞ்சி போட்டுச்சா? அப்பளம் மாதிரிக்கீது."

"நீ எப்படிண்ணா இருக்க?"

"எனக்கின்னா. சுகர் வந்துச்சு. டாக்டர் சைக்கிள் மிதின்னாரு. வண்டிய ஓரங்கட்டிட்டு மிதிச்சிக்கினு வரேன், உடம்பு லேசாக்கீது" என்றார். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், "ஒன் பேரு இந்தில போட்டுக்கீறாங்க" என்றார். தூணோரம் நின்ற பெரியவரிடம் திரும்பி, "நம்ம ஆபீஸ் ஆளுங்க இவன். பனியில நிக்கிறான்" என்றார். பெரியவர் கும்பிட்டார். தசரதனுக்கு இந்த பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. அண்ணா எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டால் என்ன, இரண்டு வார்த்தை, இங்கேயே, இந்தத் தண்ணீர் கேன் பக்கத்தில். ஆனால் தெரியும் என்று சொன்னால் அடுத்து தருகிறேன் என்று சொல்ல வேண்டும், தர என்ன இருக்கிறது கையில், கண்டக்டர் வாங்காமல் விட்ட பஸ் காசு இருக்கிறது. அதற்குள் உள்ளே இருந்து மணி அடித்தது, எல்லாரையும் ஹாலுக்கு வரச் சொல்லி ஆபீசர் உத்தரவு போட்டுவிட்டார் என்று புதுப் பையன் சொல்லிக்கொண்டு போனான். ஆபீசர் தன் அறையில் அவனைத் தனியாகப் பார்க்கப் போவதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

பீரோ கதவு கிறீச்சிட்டதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பொன்னாடை. தொப்பியை எடுத்து மேஜைமேல் வைக்கச் சொன்னார், தொப்பி தட்டாமல் போர்த்த வேண்டுமாம், வைத்தான். போர்த்தினார். கஞ்சி போட்ட தோளில் அது நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது, ரெஜினா மேடம் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டார்கள். சம்பந்தம் எதிரில் போனைத் தூக்கிப் பிடித்து, "இப்பிடி பாரு, இப்பிடி பாரு" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். துரைப்பாண்டியன் சார் பேசினார். எல்லை, பனி, வெயிலில் காயாத நம் வாழ்க்கை, நம் அலுவலகத்துக்குப் பெருமை. அதெல்லாம் சும்மா சொல்லவில்லை, நல்ல மனுஷர்தான். பேச்சின் நடுவில் அவரே அதைத் தொட்டுவிட்டார். "சம்பள விஷயம் கொஞ்சம் இழுத்துக்கிட்டுக் கிடக்கு, எனக்குத் தெரியும். தசரதன் ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா? கேக்கல பாருங்க. நாட்டுக்குன்னு போனவன் கணக்குப் பாக்க மாட்டான்யா." எல்லாரும் கை தட்டினார்கள். பெரியவர் கூட வாசலில் நின்று தட்டினார். போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தொடையில் தட்டினார் சம்பந்தம். கைதட்டல் ஓயும்வரை தசரதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது ஜெய்ஹிந்த் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம், அதற்குத்தான் காத்திருக்கிறார்கள், காப்பி வந்துவிட்டது, வாசனை வருகிறது. சொல்லிவிட்டால் இந்த மாதமும் பிடிப்பார்கள். சார் என் விஷயமா மேடம் ஃபைல் வெச்சிருக்காங்க. அந்த வாக்கியம் எங்கே போயிற்று? தேடினான், கிடைக்கவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது.

"நான் கணக்குப் பாக்கலீங்க சார்" என்றான். குரல் பெரிதாக வந்துவிட்டது, முகாமில் பேசிப் பழகிய குரல். "பாக்காம இருந்ததுக்கு என் லோன இத்தன மாசமா சம்பந்தண்ணன் சம்பளத்துல புடிக்கிறாங்க. அதக் கேக்கத்தான் சார் வந்தேன். இந்த டிரஸ்ஸக் கூட அதுக்குத்தான் சார் போட்டுக்கினு வந்தேன். நான் நின்னது எல்லையில இல்லீங்க, ஒரு குடோன் வாசல்ல. நாட்டுக்குக் குடுத்ததுன்னா இவுருதான் குடுத்துக்கீறாரு."

காப்பி கொண்டுவந்தவர் தட்டோடு நின்றார். துரைப்பாண்டியன் சார் ரெஜினா மேடத்தைப் பார்த்தார், அந்த அம்மாள் போய் ஃபைலைக் கொண்டுவந்து மேஜைமேல் அவன் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். ஆபீசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே எழுதினார், இன்றே மேலே அனுப்புகிறேன், சங்கத்துக்கும் போன் பண்ணிப் பிடித்தத்தை நிறுத்தச் சொல்கிறேன் என்றார், அதைச் சொல்லும்போது அவர் குரலில் மைக் இல்லை. வந்த காரியம் முடிந்துவிட்டது. இதற்குத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான், சந்தோஷப்பட வேண்டும். தசரதன் பார்த்தது சம்பந்தத்தை. போனைக் கீழே இறக்கிவிட்டார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள், அவருடைய பேன்ட்டைப் பார்த்தார்கள், சைக்கிள் ஏன் என்று ஒவ்வொருவருக்கும் இப்போதுதான் விளங்கியது. அவர் காலைப் பின்னால் இழுக்க இடம் தேடினார். பின்னால் சுவர் இருந்தது. காப்பி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வெளியே போனார்.

தசரதன் பின்னாலேயே ஓடினான், பொன்னாடை தோளில் தொங்கிக்கொண்டு வந்தது. வேப்பமரத்தடியில் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிற நேரம்.

"அண்ணா."

"நீ கேட்டது தப்பில்லடா" என்றார் சம்பந்தம், பூட்டைப் பார்த்துக்கொண்டே. "கேக்க வேண்டியதுதான். என்னிய இன்னாத்துக்கு அங்க இழுத்து உட்ட? எங்கூட்டுப் பசங்களுக்குக் கூடத் தெரியாது."

கேட்காமல் இருந்தது அசிங்கம், கேட்டதும் அசிங்கமாகிவிட்டது, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்திருக்கும், வேறு யாராவது போயிருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள். நேற்று மதியமே சாப்பாட்டை விட்டு எழுந்து நேராக இவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், லுங்கியோடு, களிக் கையோடு. போகாமல் இன்று காலை சீருடையை எடுத்து மாட்டினான். சம்பந்தம் பூட்டைக் கேரியரில் மாட்டினார், பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு பையிலிருந்து போனை எடுத்து, தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"எல்லாத்துலயும் குனிஞ்சிக்கினுகீற" என்றார். "ஒண்ணு கூட தேறாது. நில்லு அங்க. நிமிரு."

தசரதன் மரத்தடியில் நின்றான். நிமிர்ந்தான், காலர் அறுத்தது. இன்னுங் கொஞ்சம் என்றார், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தான். எடுத்தார். பார்த்தார். சரி என்று பையில் போட்டுக்கொண்டார். ஒரு காலை மிதியில் வைத்து உந்தி ஏறினார்.

"அடுத்த மாசத்துலருந்து வண்டியில வாண்ணா" என்றான் தசரதன். குரல் இப்போது சின்னதாகத்தான் வந்தது.

"டாக்டர் சொல்லிக்கீறாருடா" என்றார் சம்பந்தம். "சுகரு." சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு கேட்டை நோக்கிப் போனார். கேட்டருகே நின்ற பட்டாப் பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். தசரதனின் வலதுகை பாதி வரைக்கும் மேலே வந்தது, அங்கேயே நின்றது. தொப்பி உள்ளே ஹால் மேஜைமேல் இருந்தது.